பீரோவில் இருந்த கார்டு எப்படித் திருடு போனது?

பெரியப்பாவின் கிரெடிட் கார்டு ஒரு நாளும் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது கைக்கு உதவும் என்று வாங்கினார். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் வங்கிச் செயலியில் நான்தான் திறந்து கொடுத்தேன். பயணம் தள்ளிப்போயிற்று. கார்டு, வந்த உறையோடு பீரோவில் வீட்டுப் பத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு அவருடைய கைப்பேசிக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. முதலாவது ஒரு டாலருக்கு. அடுத்தது 412 டாலருக்கு. ஓடிபி எதுவும் வரவில்லை.

காலையில் அவர் என்னை அழைத்தபோது கேட்ட முதல் கேள்வி, பீரோவை யார் திறந்திருப்பார்கள் என்பது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பெயர் அடுத்த வாக்கியத்திலேயே வந்துவிட்டது. சாவி பெரியம்மாவின் இடுப்பில்தான் இருந்தது என்பதை அவரே மறந்துபோயிருந்தார்.

நகையோ பணமோ திருடு போனால் யார் எடுத்தது, எப்படி எடுத்தது என்று தேடுவது இயல்பு. கார்டு எண் திருட்டில் அந்தத் தேடல் அநேகமாக எந்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. நடுவில் நேரம் மட்டும் ஓடிவிடும். இங்கே பணம் திரும்பி வருமா வராதா என்பதை முடிவு செய்வது, நீங்கள் வங்கிக்கு எப்போது சொன்னீர்கள், சொன்னதற்கு என்ன அத்தாட்சி வைத்திருக்கிறீர்கள் என்பவைதான். ஆனாலும் பீரோ மர்மத்தை முதலில் அவிழ்த்துவிடலாம். அது தெரியாமல் வேலைக்கார அம்மாவின் மேல் இருக்கும் சந்தேகம் போகாது.

பதினாறு இலக்கங்களின் கதை

கார்டின் மேல் இருக்கும் பதினாறு இலக்கங்களும் குருட்டாம்போக்கில் விழுந்தவை அல்ல. முதல் ஓரிரு இலக்கங்களே எந்த நிறுவனத்தின் வலையமைப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும். 4 என்று தொடங்கினால் விசா. 51 முதல் 55 வரை மாஸ்டர்கார்டு. முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள், கார்டைக் கொடுத்த வங்கி எது, கார்டு எந்த வகை என்பதைச் சொல்பவை. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒரே வங்கியின் ஒரே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தப் பகுதி ஒன்றுதான்.

கடைசி இலக்கம் இன்னும் சுவாரசியமானது. அது மற்ற பதினைந்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முறை எளிது. 527 என்ற எண்ணுக்குச் சரிபார்ப்பு இலக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கோடியில் இருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். 7ஐ இரட்டித்தால் 14. ஒன்பதைத் தாண்டிவிட்டதால் 9 கழித்து 5. அடுத்த 2 அப்படியே. 5ஐ இரட்டித்தால் 10. 9 கழித்து 1. கூட்டினால் 8. பத்தாக்க இன்னும் 2 வேண்டும். ஆக முழு எண் 5272. தட்டச்சில் ஒரு இலக்கம் தவறினால் உடனே பிடித்துவிடுவதற்காகப் பிறந்த கணக்கு இது. பூட்டு என்று யாரும் இதை உருவாக்கவில்லை.

இப்போது திருடனின் இடத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள். முதல் எட்டு இலக்கங்கள் ஊரறிந்தவை. கடைசி இலக்கம் கணக்கில் கிடைத்துவிடும். மிஞ்சுவது ஏழு இலக்கங்கள், அதாவது ஒரு கோடி சாத்தியங்கள். நமக்கு அது பெரிய எண். கணினிக்குத் தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடிக்கிற பட்டியல். காலாவதி மாதம்? கார்டு ஐந்து ஆண்டு செல்லும் என்றால் அறுபது மாதங்களில் ஏதோ ஒன்று. பின்புறத்து மூன்று இலக்க சிவிவி ஆயிரத்தில் ஒன்று. ஒரே கடையில் ஆயிரம் முறை தப்பாக அடித்தால் கடைக்காரர் விழித்துக்கொள்வார். நூற்றுக்கணக்கான இணையக் கடைகளில் கடைக்குச் சில முறை என்று பரப்பி அடித்தால்? 2016இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் செய்து காட்டினார்கள். கார்டு எண் ஒன்று கையில் இருந்தால், அதன் காலாவதித் தேதியையும் சிவிவியையும் இப்படிப் பரப்பிக் கண்டுபிடிக்க ஆறு விநாடிகள்கூடப் போதும் என்று அவர்கள் சொன்னார்கள்.

ஊகித்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாலர், அரை டாலர் என்று ஒரு சின்னத் தொகையைப் போட்டுப் பார்ப்பார்கள். அது நடந்தால் அடுத்தது பெரியது. பெரியப்பாவுக்கு வந்த அந்த ஒரு டாலர் செய்திதான் பூட்டில் சாவி திரும்பிய சத்தம். ‘ஒரு டாலர்தானே, என்னவோ பிழை’ என்று அதைத் தள்ளிவிடுகிறவர்களே அதிகம்.

ஓடிபி ஏன் வரவில்லை? இந்திய இணையக் கடைகளில் கார்டைப் பயன்படுத்தும்போது எண்ணுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு வேண்டும் என்பது 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் கட்டாயம். உலகத்தில் பல நாடுகளில் இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் வேற்று நாட்டுக் கடைக்காரரை ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்த முடியாது. அங்கே எண்ணும் தேதியும் சிவிவியும் இருந்தால் பெரும்பாலும் போதும். சில கடைகள் சிவிவியைக்கூடக் கேட்பதில்லை. வெளிநாட்டுக் கடை கூடுதல் சரிபார்ப்பு கேட்டால் அதைச் செய்து கொடுக்கும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1க்குள் வைத்திருக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. கடை கேட்டால்தான் என்பதைக் கவனியுங்கள். கேட்காத கடையின் கதவு திறந்தேதான் இருக்கும்.

மர்மம் தீர்ந்தது. பீரோவை யாரும் தொடவில்லை. கதவைத் திறந்து வைத்தது, எட்டு மாதத்துக்கு முன் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் திறந்த என் கைதான். 2020 முதல் புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்முக்கும் கடைகளில் கார்டு தேய்க்கும் கருவிக்கும் மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் நாம் கேட்டால்தான் திறக்கும். பயணம் தள்ளிப்போன அன்றே நான் மூடியிருக்க வேண்டும்.

எண் போகும் மற்ற வழிகள்

ஊகித்தல் ஒரு வழி. கடையிலிருந்து மொத்தமாக அள்ளுவது இன்னொன்று. அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013 கடைசியில் சுமார் 4 கோடி கார்டு எண்கள் போயின. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதனப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஒருவரின் கடவுச்சொல் வழியாக. அந்தக் கடைகளில் கார்டு தேய்த்தவர்கள் என்ன கவனமாக இருந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. 2019 அக்டோபரில் ஜோக்கர்ஸ் ஸ்டாஷ் என்ற கள்ளச் சந்தையில் சுமார் 13 லட்சம் கார்டுகளின் விவரம் விற்பனைக்கு வந்தது, ஒன்று 100 டாலர் என்று. பெரும்பாலானவை இந்திய வங்கிகளின் கார்டுகள். திருடுகிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர், வாங்கிப் பயன்படுத்துகிறவர் மூன்றாமவர் என்று இது ஒரு தனித் தொழிலாக நடக்கிறது. உங்கள் கார்டில் பொருள் வாங்கியவனுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

கார்டின் பின்புறக் கறுப்புக் காந்தப் பட்டையை நகலெடுக்கும் பழைய முறை, சிப் வந்த பிறகு இங்கே மெலிந்துவிட்டது. பட்டையில் இருக்கும் தகவல் எப்போதும் ஒன்றே. சிப் ஒவ்வொரு முறையும் புதுக் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டுத் தருகிறது. அதேபோல் 2022 அக்டோபர் முதல் இந்திய இணையக் கடைகள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. எண்ணுக்குப் பதில் அந்தக் கடைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடை நாளை உடைக்கப்பட்டாலும் திருடனுக்குக் கிடைப்பது வேறெங்கும் செல்லாத எண்.

மீதமுள்ள வழி நாமே சொல்லிவிடுவது. அதைப் பற்றித் தொலைபேசி மணிக்குப் பதிலாக ஒலித்த எச்சரிக்கையில் நிறையவே கேட்டிருக்கிறோம். இங்கே அதை எடுக்கக் காரணம் வேறு. நஷ்டம் யார் தலையில் விழும் என்பதைப் பிரிக்கும் கோடு அங்கேதான் இருக்கிறது.

நஷ்டம் யாருடையது?

2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைதான் இதில் நமக்கு ஆதாரம். கார்டு வைத்திருக்கும் எல்லோரும் இதன் சாரத்தையாவது தெரிந்துவைத்திருக்கலாம். வங்கி ஊழியர்களுக்கே சில நேரம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தவறு வங்கியுடையது என்றால், நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால் (பெரியப்பாவின் கதை இதுதான்) நாள்கணக்கு வருகிறது. வங்கியின் செய்தி கிடைத்ததிலிருந்து மூன்று வேலைநாட்களுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால் பொறுப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலைநாட்களுக்குள் என்றால் உங்கள் பங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 5 லட்சம் ரூபாய் வரை கடன் வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட வரம்புள்ளதற்கு 25,000 ரூபாய். போன தொகை அதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகை மட்டும். ஏழு நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. பெரியப்பாவுக்குச் செய்தி வந்தது வெள்ளி இரவு. மறுநாள் இரண்டாம் சனி, அடுத்தது ஞாயிறு, இரண்டும் வங்கி விடுமுறை. ஆக அவருக்குப் புதன்கிழமை வரை நேரம் இருந்தது. இதைச் சொன்னதும், அப்படியானால் திங்களன்று கிளைக்கு நேரில் போய் மேலாளரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அந்த இரண்டு நாளில் கார்டின் மீதி வரம்பையும் துடைத்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வகை, நீங்களே ஓடிபியையோ ரகசிய எண்ணையோ கொடுத்துவிட்டது. இதில் நீங்கள் வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை போனதெல்லாம் உங்களுடைய நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் உள்ளுக்குள் புழுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர்களுக்கு இந்த வெட்கம் இன்னும் கூடுதல். அந்த இரண்டு நாளின் விலையும் அவர்கள் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

‘ஓடிபி போட்டுத்தான் நடந்திருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்று வங்கி சொன்னால்? வாடிக்கையாளர் மேல்தான் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தொலைபேசியில் கறாராக இருந்த பதில், எழுத்துக்கு வரும்போது சில நேரம் இளகிவிடுகிறது.

சனிக்கிழமை காலை செய்தது

முதல் வேலை செயலியைத் திறந்து கார்டைப் பூட்டியது. அரை நிமிடம். அடுத்து, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைப்பு. இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ என்று தேடி வருகிற எண்ணை அழைக்காதீர்கள். தேடலில் மேலே தெரிவதற்காகவே போலி எண்களைப் போட்டுவைத்துக் காத்திருக்கும் கூட்டம் உண்டு. பதற்றத்தில் இருப்பவரைவிட அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர் கிடையாது.

அழைப்பை எடுத்தவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: இந்த இரண்டு பரிவர்த்தனைகளும் நான் செய்யாதவை, கார்டை நிரந்தரமாக முடக்குங்கள், புகார் எண் கொடுங்கள். புகார் எண் இல்லாமல் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. பெரியப்பாவின் அழைப்பில் முதலில் பேசியவர், ‘கார்டு முடக்கியாயிற்று, கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லி முடிக்கப் பார்த்தார். கார்டை முடக்குவது வேறு, பரிவர்த்தனையை மறுத்துப் புகார் பதிவது வேறு. முடக்கியதோடு நின்றால் 412 டாலர் அப்படியே பில்லில் வந்து உட்காரும். புகாரைப் பதியச் சொல்லி மூன்று முறை கேட்ட பிறகு எண் வந்தது.

அந்த எண்ணைக் குறிப்பிட்டு, நேரம், தொகை, குறுஞ்செய்தியின் படம் எல்லாம் சேர்த்து அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். பின்னால் நாள்கணக்கில் தகராறு வந்தால் பேசப்போவது அந்த மின்னஞ்சல்தான். கூடவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் செய்தோம். இந்தியாவுக்குள் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவும் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க உதவும் எண் அது. வெளிநாட்டுக் கடைக்குப் போன பணத்தில் அதனால் பெரிய பயன் இருக்காது. ஆனாலும் பதிவு செய்த அத்தாட்சி கையில் இருப்பது நல்லது. வங்கிகள் சில நேரம் கேட்கின்றன.

அதற்குப் பிறகு வங்கியின் முறை. தெரிவித்த நாளிலிருந்து பத்து வேலைநாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடித்து, யார் பொறுப்பு என்று தீர்மானிக்க வேண்டும். மோசடி என்று நீங்கள் மறுத்த தொகைக்கு, விவகாரம் முடியும் வரை வட்டியோ அபராதமோ போடக் கூடாது. ஆனால் அந்த மாத பில்லில் நீங்கள் உண்மையாகவே வாங்கியவை இருக்குமே, அதைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் மொத்த பில்லையும் கட்டாமல் விட்டால் வட்டியும் ஏறும், கடன் மதிப்பெண்ணும் இறங்கும். மொத்த பில்லும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்திருந்தால், கெடு நாளுக்கு முன் அதையும் ஒருமுறை பாருங்கள்.

கிரெடிட் கார்டில் ஓர் ஆறுதல், போனது முதலில் வங்கியின் பணம்; பில் வந்து நாம் கட்டும்போதுதான் நம்முடையது ஆகிறது. டெபிட் கார்டில் போவது நம் சேமிப்பு, போன நிமிடமே. நாள்கணக்கு விதி இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாலும், காத்திருக்கும் பத்து நாளில் வாடகை கட்டப் பணம் இருக்கிறதா இல்லையா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. இணையத்தில் வாங்குவதற்கு டெபிட் கார்டைத் தொடவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

முப்பது நாளாகியும் வங்கியிடமிருந்து பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண். வங்கியிடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் நிபந்தனை. சனிக்கிழமை அனுப்பிய மின்னஞ்சல் மறுபடி இங்கே உதவும்.

மோசடிதானா?

அறிமுகமில்லாத பெயர் பில்லில் தெரிந்த உடனேயே மோசடி என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். தெருமுனை உணவகத்தின் பில் அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரில் வரும். மறந்துபோன ஆண்டுச் சந்தா திடீரென்று உயிர்பெறும். விடுதிகள் முன்பணமாகப் பிடித்துவைக்கும் தொகை சில நாள் கழித்துத் தானாக விலகும். என் நண்பர் ஒருவர் 899 ரூபாய்க்காகக் கார்டையே முடக்கிவிட்டு, மாலையில் பள்ளிவிட்டு வந்த மகனிடம் உண்மையைத் தெரிந்துகொண்டார். புதிய கார்டு வரும் வரை பால் முதல் பெட்ரோல் வரை ரொக்கம்தான்.

பொருள் வாங்கியது நீங்கள்தான், ஆனால் அது வந்து சேரவில்லை, அல்லது உடைந்து வந்தது என்றால் அது மோசடிப் பரிவர்த்தனை ஆகாது, வணிகருடனான தகராறு. அதற்கும் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை உண்டு. வங்கி வணிகரின் வங்கியிடம் கேட்கும், வணிகர் தன் பக்கத்து அத்தாட்சியைக் காட்ட வேண்டும். இதை மோசடி என்று பதிந்தால் கார்டும் போகும், வழக்கும் தோற்கும்.

புகார் கொடுத்த சில நாளில், ‘உங்கள் 412 டாலரைத் திருப்பித் தருகிறோம், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள்’ என்று பெரியப்பாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. தொகைகூடச் சரியாக இருந்தது. பணம் வருவதற்கு ஓடிபி தேவையே இல்லை, போவதற்குத்தான் தேவை என்று முந்தைய வாரம்தான் பேசியிருந்தோம். அவர் அந்த ஆளிடம் ஊர், தகப்பனார் பெயர், எந்தத் தெரு என்றெல்லாம் பத்து நிமிடம் விசாரித்திருக்கிறார். எதிர்முனைதான் கடைசியில் வைத்துவிட்டது.

தற்காலிக வரவு ஒன்பதாவது வேலைநாளில் வந்தது. விவகாரம் முடிந்ததாகக் கடிதம் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புதிய கார்டு இப்போதும் அதே பீரோவில்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் மூடியிருக்கின்றன. பயணத்துக்கு முந்தைய நாள் திறந்து, திரும்பிய அன்று மூட வேண்டும் என்று பெரியம்மா நாட்காட்டியில் எழுதிவைத்திருக்கிறார். வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தன் பெயர் அடிபட்ட விஷயம் இன்றுவரை தெரியாது.